உப்பு தெரியாத நாக்கு

எனக்கு முன்னால் ஆறு காகிதக் கப்புகள். ஆறிலும் பார்வைக்குத் தண்ணீர்தான். ஒன்றில் துளி சர்க்கரை, ஒன்றில் துளி உப்பு, ஒன்றில் புளிப்பு, ஒன்றில் கசப்பு. மீதி இரண்டில் வெறும் தண்ணீர். எது எது என்று நாக்கால் கண்டுபிடித்துச் சீட்டில் எழுத வேண்டும். தெலுங்கு நாட்டில், நாச்சாரம் என்ற இடத்தில் நான் வேலை பார்க்கும் மிட்டாய்த் தொழிற்சாலையில், ருசி பார்க்கிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை வைக்கிற பரீட்சை இது.

இனிப்பு உடனே தெரிந்தது. புளிப்பும் தெரிந்தது. மீதி நான்கு கப்புகளையும் மாற்றி மாற்றி வாயில் ஊற்றினேன். நான்கும் ஒன்றுபோலவே இருந்தன. துப்பினேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளித்தேன். நாக்கைத் துடைத்துக்கொள்ளக் கொடுக்கும் பொரியை ஒரு கை அள்ளி மென்றேன். மறுபடி முதல் கப்பிலிருந்து ஆரம்பித்தேன்.

பக்கத்து மேஜைக்காரர்கள் எழுதி முடித்து எழுந்து போய்விட்டார்கள். ஏ.சி. ஓடுகிற அறையில் எனக்கு மட்டும் உள்ளங்கை வியர்த்தது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ஆபீஸ் பெஞ்சில் ஆரோக்கியம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கலவைப் பிரிவில் இருப்பவர். புளி மிட்டாயில் அளவுக்கு மேல் உப்பைக் கொட்டிவிட்டார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள். சனிக்கிழமை விசாரணை. அன்றைக்குப் புதன். ஏதோ கையெழுத்துப் போட வரச் சொல்லியிருந்தார்கள் போல. என்னைப் பார்த்ததும் எப்போதும்போலத் தலையை ஆட்டினார்.

நான்காவது தடவையாக உப்புக் கப்பைத் தேடியபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. உப்பைப் போட்டது அவர் கை. போடச் சொன்னது நான்.

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரில் இதுவரை என்னை ஓரளவு கெட்டிக்காரியாகவே காட்டி ஒப்பேற்றிவிட்டேன். இந்த வாரம் அது முடியாது.

ஜன்னல் பாஷை

புளி மிட்டாய் எப்படித் தயாராகிறது என்று சொல்லிவிடுகிறேன். புளியும் வெல்லமும் பெரிய கொப்பரையில் கொதிக்கும். இறக்குகிற சமயத்தில் கடைசியாகத்தான் உப்பும் மிளகாயும் சேரும். ஆரோக்கியம் அண்ணன் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் ஆறவைத்து, ருசி அறையின் சின்ன ஜன்னல் வழியாக நீட்டுவார். நான் சாப்பிட்டுப் பார்த்து, சரி என்றால் சீட்டு எழுதித் தர வேண்டும். சரியில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். சட்டம் அப்படி.

நடைமுறை வேறு. "சரியில்லை" என்று எழுதினால் மேலிடம் வரை கேள்வி வரும், அரை நாள் வேலை நிற்கும். அதனால் எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலிருந்தே ஒரு விரல் பாஷை உண்டு. ஒரு விரல் காட்டினால் உப்பு கொஞ்சம் கூட வேண்டும். இரண்டு விரல் என்றால் இனிப்பு. கையை மூடினால் எல்லாம் சரி. கை மூடிய பிறகு ஒரே ஒரு சீட்டு, "திருப்தி" என்று.

பரீட்சைக்கு முன்னால் ஒரு இரண்டு மாதம் நான் ஒரு விரலைக் காட்டிக்கொண்டே இருந்தேன். அண்ணனும் ஒரு வார்த்தை பேசாமல் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வெளியூர் டீலர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். வாயில் வைக்க முடியவில்லை, ஒரே உப்பு என்று புகார். மேனேஜர் மாதவி மேடம் ஸ்டோர் கணக்கை எடுத்துப் பார்த்தார். செய்முறைத் தாளில் இருப்பதைவிட அதிக உப்பு போயிருந்தது. என் சீட்டுகளோ எல்லாம் "திருப்தி". விரலுக்கு ஏது ரசீது?

புகார் வந்தபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஸ்டோரில் வேறு கம்பெனி உப்பு வாங்கியிருப்பார்கள், அது கரிப்பு ஜாஸ்தியாக இருக்கும் என்று நினைத்தேன். என் நாக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அப்பாவின் சிரிப்பு

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

திண்டுக்கல்லில் எங்கள் அப்பா பஸ் கண்டக்டர். நாற்பது வயதுக்குள் கடைவாயில் பாதி காலி. முன்பல்லில் ஒன்று பாதி உடைந்து கறுத்திருக்கும். சிரிப்பு வந்தால் டிக்கெட் புத்தகத்தைத் தூக்கி வாயை மறைத்துக்கொள்வார். வீட்டில் இருக்கும் போட்டோக்களில் ஒன்றில்கூட அவர் சிரித்த முகம் கிடையாது. என் கல்யாண ஆல்பத்தில் எல்லாரும் பல் தெரிய நிற்க, அப்பா மட்டும் யாரோ திட்டியதுபோல உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பார்.

அந்த அப்பாவின் பெண், தினமும் முப்பது மிட்டாய் வாயில் போட்டுப் பார்க்கிற வேலையில் வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? விழுங்குவதில்லை, துப்பிவிடுகிறோம். ஆனாலும் பாகு பல்லில் ஒட்டத்தானே செய்யும். சேர்ந்த முதல் வாரத்திலேயே பல் விழுகிற மாதிரிக் கனவு வந்தது. அதனால் கைப்பையில் எப்போதும் ஒரு மவுத்வாஷ் பாட்டில். பச்சை நிறம், புதினா வாசம். ஒவ்வொரு கலவையும் பார்த்து முடித்ததும் போய்க் கொப்பளிப்பேன். வாய் சில்லென்று ஆகும். கிருமியெல்லாம் ஒழிந்தது என்று மனசும் சில்லென்று ஆகும்.

வாய் இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது ராத்திரி வேறு எதற்குப் பல் தேய்க்க வேண்டும் என்று தோன்றியது. தாரநாகா வீட்டுக்கு வந்து, சமைத்து, கச்சிபௌலி ஆபீசிலிருந்து கணவர் வந்து சேரும்போது எனக்குக் கண் சொருகிவிடும். ஒரு மூடி ஊற்றி, முப்பது எண்ணி, துப்பிவிட்டுப் படுத்துவிடுவேன். இப்படி எத்தனை வருஷம் ஓடியது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கணவரின் மிச்சம்

அந்த ஆறு கப்புப் பரீட்சை நடந்த வருஷம் மழைக்காலத்தில் கணவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். புண் ஆறுகிற வரைக்கும் கொப்பளிக்க என்று டாக்டர் ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். இவர் நான்கு நாள் கொப்பளித்தார், "நல்லாயிருச்சு" என்று மூடிவைத்துவிட்டார். முக்கால் பாட்டில் மிச்சம்.

மருந்தை வீணாக்குவதா? கடையில் வாங்குகிற பச்சைத் தண்ணீரே இவ்வளவு வேலை செய்தால், டாக்டர் எழுதித் தந்தது எவ்வளவு செய்யும் என்று கணக்குப் போட்டேன். பச்சை பாட்டிலை ஓரம் கட்டிவிட்டு இதைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். தீர்ந்ததும் மருந்துக் கடையில் காலி பாட்டிலைக் காட்டி இன்னொன்று வாங்கினேன். பிறகு இன்னொன்று. ஒரு நாளைக்கு நான்கு தடவை, சில நாள் ஐந்து.

மூன்றாவது வாரத்தில் கண்ணாடியில் பார்த்தேன். கீழ் முன்பல்லின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு. அப்பாவின் பல்லும் இப்படித்தான் ஆரம்பித்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். சொத்தை வந்துவிட்டது, இன்னும் வேகமாகக் கொப்பளிக்க வேண்டும் என்று ஐந்தை ஆறாக்கினேன். பழுப்பு அடுத்த பல்லுக்கும் பரவியது. நான் ஆறை ஏழாக்கினேன். பாத்ரூமில் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்ற காலைகள் எத்தனையோ. ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகவில்லை. போனால் எல்லாப் பல்லையும் பிடுங்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

வீட்டில் வேறு தினமும் சண்டை. எட்டாவது படிக்கிற என் மகள், தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுவாள்.

"உப்பு எக்குவ உந்தி அம்மா."

"எதுடி ஜாஸ்தி? உங்கம்மா ருசி பாத்துத்தான் சம்பளமே வாங்குறா. எனக்கே சொல்றியா?"

கணவர் எதுவும் சொல்லாமல் தயிரை ஊற்றிப் பிசைந்துகொள்வார். அவருக்கு என் வாய்க்குப் பயம்.

பால் காய்ச்சிய பாத்திரம்

மறுபடி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். நான்கு கப்பிலும் "தண்ணீர்" என்று எழுதிக் கொடுத்தேன். மாதவி மேடம் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏமைந்தி சுமதி, என்ன ஆச்சு? சளியா? வேணும்னா ஒரு மாசம் கழிச்சு மறுபடி எழுது. நான் அட்ஜஸ்ட் பண்றேன்," என்றார் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து.

"ஆமா மேடம், சளிதான்," என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

சாயங்காலம் நேரே ஹப்சிகூடாவில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். தெலுங்குக்காரப் பெண். தமிழ்நாட்டில் படித்தவராம், தமிழ் சரளமாகப் பேசினார். நாற்காலியில் படுத்ததுமே, "டாக்டர், எத்தனை பல்லை எடுக்கணும், மறைக்காம சொல்லுங்க," என்றேன்.

அவர் விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த மவுத்வாஷ் யூஸ் பண்றீங்க?" என்று கேட்டார். கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். எத்தனை நாளாக, எத்தனை தடவை என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இது ஈறுப் புண்ணுக்கு. கொஞ்ச நாளைக்கு மட்டும்தான் கொடுப்போம். இந்தப் பழுப்பு சொத்தை கிடையாது, இந்த மருந்தோட கறை. சுத்தம் பண்ணினா போயிடும்."

"அப்ப நாக்கு?"

"நாக்கா?"

"உப்பு தெரியல டாக்டர். கசப்பும் தெரியல."

"ஆமா, இது அதையும் மழுங்கடிக்கும். நிறுத்துங்க, கொஞ்ச வாரத்துல தானா திரும்பிடும். ஆனா எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துடலாம்."

எடுத்தார். கடைவாயில் இரண்டு பல்லுக்கு நடுவே, டார்ச்சுக்கு எட்டாத இடத்தில், நிஜமான சொத்தை ஒன்று இருந்தது.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "வருஷக்கணக்கா கொப்பளிக்கிறேனே! அப்ப மவுத்வாஷ் பல்லைக் காப்பாத்தாதா?"

"நீங்க வீட்ல பால் காய்ச்சின பாத்திரத்துல தண்ணி ஊத்தி ஆட்டிட்டு, கழுவியாச்சுன்னு கவுத்துடுவீங்களா?" என்றார். "அடிப்பிடிச்சது தேய்ச்சாத்தானே போகும்? பல்லும் அப்படித்தான். ஃப்ளோரைடு இருக்கிற மவுத்வாஷ் கொஞ்சம் உதவும், இல்லேன்னு சொல்லல. ஆனா அது பிரஷ் பண்றதுக்கு மேல கூடுதலா. பதிலா கிடையாது. வெறும் வாசனைக்கு விக்கிறது வாசனைக்கு மட்டும்தான்."

"காலையில தேய்ச்ச உடனே கொப்பளிப்பேன் டாக்டர்."

"அதுவும் வேண்டாம். பேஸ்ட்ல இருக்கிற நல்லதையும் சேர்த்துக் கழுவி விட்டுடுறீங்க. நுரையைத் துப்பிட்டு அப்படியே விடுங்க. கொப்பளிச்சே ஆகணும்னா வேற நேரத்துல பண்ணுங்க. ராத்திரி மட்டும் தேய்க்காம படுக்காதீங்க."

கறையைச் சுத்தம் செய்து, சொத்தையை அடைத்து அனுப்பினார். பல் ஒன்றுகூடப் போகவில்லை. இரண்டு மாதமாக என்னை உலுக்கியெடுத்த பயம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் அடுத்த பயம் ஆரம்பித்தது.

கொஞ்ச வாரத்தில் நாக்கு திரும்பிவிடும் என்கிறார் டாக்டர். ஒரு மாசம் கழித்து மறுபரீட்சை என்கிறார் மேடம். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். என் வேலைக்கு ஒரு கீறலும் இருக்காது. சனிக்கிழமை ஆரோக்கியம் அண்ணன் மட்டும் வெளியே போவார்.

இரண்டு நாள்

வியாழக்கிழமை மேடம் அறை வாசல் வரை இரண்டு தடவை போனேன். முதல் தடவை போனில் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை சும்மாதான் இருந்தார், நான்தான் திரும்பி வந்துவிட்டேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்கு வந்த தாத்தா வழியில் மூன்றாவது தலைமுறை. தமிழில் ஆரம்பித்து உருதுவில் முடிப்பார். நான் சேர்ந்த புதிதில் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாமல் முழித்தபோது, "கைக்கு பயப்படறே, எதுக்கு பயம், நான் இருக்கேன்ல," என்று கேன்டீனில் எனக்காகச் சாப்பாடு கேட்டு வாங்கித் தந்தவர். சம்பளம் ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறது. இங்கே நிறுத்தினால் நாச்சாரத்தில் வேறு எந்தக் கம்பெனியும் ஐம்பது வயதுக்காரரை எடுக்காது.

அவர் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்பதுதான் என்னைக் குடைந்தது. "சுமதி விரல் காட்டினா" என்று ஒரு வார்த்தை போதுமே. விரல் பாஷை வெளியே தெரிந்தால் எல்லாருக்கும் ஆபத்து என்று பொறுத்துக்கொள்கிறாரா? சனிக்கிழமை சொல்லப் போகிறாரா? வெள்ளிக்கிழமை முழுக்க இதையே யோசித்து, அவர் சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட வேண்டிக்கொண்டேன். அப்போது நான் சொல்ல வேண்டியிருக்காது பாருங்கள். இவ்வளவுதான் நான்.

சனிக்கிழமை காலை மேடம் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். "உன் இஷ்டத்துக்கு ஏன் உப்பு போட்டே?" என்று ஒருவர் ஹிந்தியில் கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "கல்தி ஹோ கயி சாப்," என்றார். தப்பு நடந்துபோச்சு என்று.

கதவருகே நின்ற எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"தப்பு அவர் மேல இல்ல மேடம்," என்று உள்ளே போய்விட்டேன். ஜன்னல், விரல், பாட்டில், ஆறு கப்பு, சளி என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். எந்த மொழியில் பேசினேன் என்று எனக்கே தெரியாது. டாக்டர் சீட்டை மேஜையில் வைத்தேன். மேடம் அதை எடுத்துப் படித்தார்.

தீர்ப்பு மதியத்துக்குள் வந்துவிட்டது. என்னை ருசி அறையிலிருந்து எடுத்து பேக்கிங் பிரிவில் போட்டார்கள். விரல் பாஷை அன்றோடு ஒழிந்தது. சீட்டு இல்லாமல் கலவையில் கை வைத்ததற்காக அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொன்னார்கள்.

கேன்டீனில்

திங்கட்கிழமை மதியம் கேன்டீனில் அண்ணன் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கோபமாக இருப்பார், இரண்டு வார்த்தை திட்டட்டும் என்று தயாராக இருந்தேன்.

"ஏண்ணே என் பேரைச் சொல்லல?" என்று நானே ஆரம்பித்தேன். "நான்தான் போடச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. என்னைக் காப்பாத்தணும்னா?"

"நக்கோ நக்கோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றார். டிபன் பாக்ஸ் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "நானும் வாயில போட்டுப் பாத்தேன். நீ விரலைக் காட்டினப்பல்லாம் போட்டுப் பாத்தேன்."

"உப்பு ஜாஸ்தியா இருந்துச்சா?"

"ஹவ், ஆமா. கரிச்சுது. நல்லாவே கரிச்சுது."

"அப்புறம் ஏண்ணே போட்டீங்க?"

"நீ கம்மின்னு சொன்னியே. உன்னுது பரீட்சை பாஸ் பண்ணின நாக்கு. நான் யாரு? எனக்குத்தான் வயசாயி நாக்கு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். வீட்ல குழம்பு கரிச்சாக்கூட இப்பல்லாம் வாயே தொறக்கறதில்ல. சம்சாரத்துக்குச் சரியா இருக்குது, நமக்குத்தான் தெரியலன்னு விட்டுடறேன்."

வேலையாவது அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. ஐம்பது வருஷம் சரியாக இருந்த நாக்கை, ஒரு விரலைக் காட்டிக் காட்டியே அவரே நம்பாதபடி செய்துவிட்டேனே என்று இருந்தது.

என் டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன். அன்றைக்குச் சமைத்தது கணவர். எனக்கு இன்னும் உப்பு சரியாகத் தெரிய ஆரம்பிக்கவில்லை.

"ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கண்ணே. உப்பு எப்படி இருக்குன்னு நீங்க சொல்லுங்க. எனக்கு நெஜமாவே தெரியல."

ஒரு கவளம் எடுத்துப் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்றார். விழுங்கினார். நான் காத்திருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லும்மா," என்றார்.